காரணை ஏன் வினாத்தாளில் வருவதில்லை?

44-ஆவது செஸ் ஒலிம்பியாட் எங்கே நடந்தது? மாமல்லபுரம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் எங்கே சந்தித்தார்கள்? மாமல்லபுரம். மாமல்லபுரத்துச் சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஆண்டு எது? 1984. செங்கல்பட்டு தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாள் எது? 2019 நவம்பர் 29.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இந்த நான்குக்கும் பதில் சொல்வார்கள். ஐந்தாவதாக ஒரு கேள்வி. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் என்ன நடந்தது?

திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கத்துச் சேரிகளில் நாங்கள் மாலைநேரப் படிப்பு வட்டங்கள் நடத்துகிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான். இவர்கள் அந்த இடத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் வாழ்கிறவர்கள். சிலரின் தாத்தாவும் பாட்டியும் அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள். ஆனாலும் தெரியாது. இது பிள்ளைகளின் குறையல்ல. எது 'நடப்பு', எது 'நிகழ்வு', எது மறக்கப்பட வேண்டியது என்பதை வேறு யாரோ முடிவு செய்து, அச்சடித்து, விலை போட்டு விற்கிறார்கள். நாம் அதை வாங்கி மனப்பாடம் செய்கிறோம்.

நடப்பு நிகழ்வுகளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பேச்சு. இணையமும் கைப்பேசியும் சேரிக்குள் வந்துவிட்டன. அவற்றை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்? எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்தியைக் கொடுத்துப் பதிலை வாங்குவது கல்வியல்ல. பிள்ளை ஒரு கேள்வியோடு தொடங்கி, இணையத்தில் தேடி, ஆவணத்தைக் கண்டு, அதைத் தன் ஊர் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நடப்பு நிகழ்வு என்பது பொது அறிவு மட்டுமல்ல, உரிமைக்கான சாட்சியமும்கூட.

மனப்பாடத்தை இழிவாகப் பேசவில்லை

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்யும் பிள்ளையை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஒரு சேரிக் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை கிடைத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கூரை வீடு மாறும், தம்பி தங்கையின் படிப்பு நிற்காது, வட்டிக்காரன் வாசலுக்கு வரமாட்டான். எனவே தேர்வுக்குப் படிக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும்.

ஆனால் தேர்வில் தேறி கிராம நிர்வாக அலுவலராகவோ வருவாய் ஆய்வாளராகவோ நாளை அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பிள்ளைக்கு, தன் மேசைக்கு வரும் பதிவேட்டில் ஒரு நிலத்தின் குறிப்புப் பகுதி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டாமா? தேதியும் இடமும் தெரிந்தால் தேர்வில் தேறிவிடலாம். ஏன், எப்படி, யாரால் என்று கேட்கத் தெரிந்தால்தான் அந்த நாற்காலியால் நம் மக்களுக்குப் பயன். இரண்டும் வேண்டும். இப்போது முதலாவது மட்டும்தான் கிடைக்கிறது.

பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரைரே இந்த முதல் வகையை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டார். ஆசிரியர் பணம் போடுகிறார், மாணவர் பெட்டியாக இருக்கிறார். நம் ஊரில் அந்தப் பெட்டிக்கு இப்போது கைப்பேசி என்று பெயர். யூடியூபில் 'இன்றைய நடப்பு நிகழ்வுகள்' பத்து நிமிடம் ஓடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். வந்து விழுகிறது. கருவி மாறியிருக்கிறது. கற்பிக்கும் முறை மாறவில்லை.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம்

எங்கள் வட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது: "நெலம் நம்மளுதுன்னு ஆயா சொல்லுது. அப்புறம் ஏன்க்கா அங்க கேட்டு போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க?"

இதைவிடச் சிறந்த நடப்பு நிகழ்வுக் கேள்வி எந்த வழிகாட்டியிலும் இல்லை. பதிலைச் சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. சொல்லவில்லை. தேடச் சொன்னோம்.

முதல் தேடல் எப்போதும் ஏமாற்றும். மாமல்லபுரம் என்று தட்டினால் கடற்கரைக் கோயில், சிற்பங்கள், விடுதி வாடகை என்று வருகிறது. காரணை என்று தட்டினால் ஊரப்பாக்கம் பக்கத்துக் காரணைப்புதுச்சேரியின் வீட்டுமனை விளம்பரங்கள் வருகின்றன. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். இதுதான் முதல் பாடம். பணம் இருப்பவர் எதைக் காட்ட விரும்புகிறாரோ அதுவே தேடுபொறியில் முன்னால் வரும். நம் கதை பின்னால் கிடக்கிறது, அதைச் சரியான சொல் கொடுத்துத் தோண்டி எடுக்க வேண்டும். 'காரணை', 'பஞ்சமி நிலம்', '1994' என்று மூன்றையும் சேர்த்துத் தட்டியபோது கதவு திறந்தது.

மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். மீட்ட நிலத்தில் அவர்கள் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்தும் நிலத்தைக் கேட்டும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள்.

இதை வாசித்த பிள்ளைகளிடம் அடுத்த கேள்வி தானாகவே வந்தது. பஞ்சமி நிலம் என்றால் என்ன? அது ஏன் செங்கல்பட்டில்? இங்கிருந்து தேடல் நூறாண்டு பின்னால் போனது. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாரருக்கு முன்னுரிமை என்ற விதி குறுக்கே நின்றதையும், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமாக இல்லாமல் பண்ணையில் கட்டுண்டு கிடந்ததையும் அவர் பதிவு செய்தார். ஆண்ட்ரூ, கவுடி போன்ற பாதிரியார்களும் இதே காலத்தில் அரசை வற்புறுத்தினார்கள். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 1010 பிறந்தது. அதன் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம்.

அந்த மாணவி சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப ஆயா சொன்னது நெஜமா?"

'உண்மை' என்று நாங்கள் சொல்லிவிடவில்லை. அது நிஜமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது என்றோம்.

கைப்பேசியில் இருக்கும் வருவாய் அலுவலகம்

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூன்றையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் இதற்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் நம் ஆட்கள் நின்றார்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரமும் பார்க்கலாம். நிலம் யாரிடமிருந்து யாருக்கு எப்போது போனது என்ற தடயம் அதில் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒன்று, புல எண்ணை இணையம் சொல்லாது, ஊர்ப் பெரியவர்தான் சொல்வார். எனவே ஆயாவிடமும் தாத்தாவிடமும் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த ஏரிக்கு எந்தப் பக்கம், யார் உழுதார்கள், எந்த வருடம் பயிர் வைக்க முடியாமல் போனது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு, இன்றைய பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பு இல்லை என்பதால் அது பஞ்சமி நிலம் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனும் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளோடு ஒப்பிட்டால்தான் குறிப்பு எங்கே காணாமல் போனது என்று தெரியும். மூன்று, அந்தப் பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது, சட்டத்தின் பிரிவு 6(2) அதைச் சொல்கிறது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஒரு மாணவியின் ஒரே ஒரு கேள்வி எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். வரலாறு, சட்டம், வருவாய் நிர்வாகம், கணினி, மனு எழுதும் தமிழ், பாட்டியின் நினைவு எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. இதில் எந்த ஒன்றையும் தனிப் பாடமாக நடத்தியிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

பரவிய ஒரு காணொளியை எப்படி வாசிப்பது?

நம் இளைஞர்கள் செய்தித்தாள் வாசிப்பதில்லை என்று புலம்புவதில் பயனில்லை. செய்தி அவர்களுக்குக் காணொளியாக வருகிறது. அதையே பாடமாக்கலாம்.

2021 அக்டோபரில் மாமல்லபுரத்திலிருந்து ஒரு காணொளி தமிழகம் முழுக்கப் பரவியது. பூஞ்சேரி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களை உட்காரவிடாமல் துரத்தியதை நெஞ்சு கொதிக்கப் பேசினார். சில நாட்களில் அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு அமர்ந்து உணவருந்தினார். 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் வழங்கினார். அந்தப் படங்களும் பரவின. பலருக்குச் செய்தி அத்தோடு முடிந்தது. கண் கலங்கினார்கள், பகிர்ந்தார்கள், அடுத்த காணொளிக்குப் போய்விட்டார்கள்.

விசாரணை முறையில் இதை வாசித்தால் என்ன கிடைக்கும்? எங்கள் வட்டங்களில் எந்தச் செய்திக்கும் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறோம். யார் சொல்கிறார்கள்? எப்போது நடந்தது, எப்போது பகிரப்பட்டது? எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார்கள்? யார் குரல் இதில் இல்லை? அதன் பிறகு என்ன ஆனது?

இந்தக் காணொளியை வைத்துப் பேசியபோது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "சாதி பார்த்துப் பந்தியிலிருந்து துரத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. தேடினார்கள். அந்தச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் உரியது. 2021-இல் நரிக்குறவர்கள் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். அதாவது அவமானம் நடந்த நாளில் அந்த அவமானத்துக்குப் பொருந்தக்கூடிய சட்டத்தின் வாசல் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் எத்தனை தலைமுறை நசுங்குகிறது என்பதை அந்த மாணவர்கள் அன்றைக்குப் புரிந்துகொண்டார்கள். இடஒதுக்கீடு பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றியிருந்தாலும் எங்களால் அதைப் புரியவைத்திருக்க முடியாது.

இன்னொன்றையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். 2022 ஜூலை, ஆகஸ்டில் உலகமே வந்து சதுரங்கம் ஆடிய இடமும் இதே பூஞ்சேரிதான். நட்சத்திர விடுதியில் ஒலிம்பியாட், சற்றுத் தள்ளி நரிக்குறவர் குடியிருப்பு. வினாத்தாளுக்கு முதல் பூஞ்சேரி போதும், அதுவும் மாமல்லபுரம் என்ற பெயரில். இரண்டு பூஞ்சேரியையும் ஒரே வரைபடத்தில் பார்க்கிற கண்ணைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்துச் செய்தியையும் சோதிக்க வேண்டும்

சோதிப்பது எதிரியின் செய்தியை மட்டும் என்றால் அது விசாரணையல்ல. நம் மேடைகளில், துண்டறிக்கைகளில், பகிர்வுகளில் தமிழ்நாட்டில் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மாணவர்களிடம் இதையும் பயிற்சியாகக் கொடுக்கிறோம். இந்த எண்ணைச் சொல்லும் பத்துப் பக்கங்களை எடுங்கள். ஒவ்வொன்றும் எதை ஆதாரமாகக் காட்டுகிறது? ஒன்றை ஒன்று காட்டுகின்றனவா, அல்லது ஏதாவது ஒன்று அரசு ஆவணத்தில் போய் நிற்கிறதா?

சில தோழர்களுக்கு இது பிடிப்பதில்லை. "நம்ம கோரிக்கையை நாமே சந்தேகப்படலாமா?" என்கிறார்கள். நாங்கள் சொல்வது இதுதான். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் கேள்வியை நம் பிள்ளை முன்கூட்டியே கேட்டுவிடட்டும். கிராமம் கிராமமாக, புல எண் வாரியாக நாமே எடுத்த பட்டியலை யாராலும் தள்ளிவிட முடியாது. ஒரு பெரிய எண்ணைவிட ஒரு சின்னப் பட்டியல் வலிமையானது.

2019 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். 'அசுரன்' படம் வெளிவந்து பஞ்சமி என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது. அதைத் தொட்டு முரசொலி அலுவலக நிலம் பற்றி ராமதாசுக்கும் ஸ்டாலினுக்கும் இடையே சர்ச்சை வெடித்தது. ஒருவர் பட்டாவைக் காட்டினார், மற்றவர் மூலப்பத்திரம் எங்கே என்றார். இணையம் முழுக்க இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை. பட்டாவுக்கும் மூலப்பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? எது எதை நிரூபிக்கும், எது நிரூபிக்காது? அந்தச் சண்டையில் இறங்கிய நம் இளைஞர்களில் எத்தனை பேர் இதைத் தேடிப் படித்தார்கள்? அதே மாதம் 10-ஆம் தேதி செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டின் 25-ஆம் ஆண்டு நினைவு நாள். மறுநாள் 11-ஆம் தேதி மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் கைகுலுக்கினார்கள். தேசத்தின் அத்தனை ஒளிப்படக் கருவிகளும் அன்று இந்தக் கடற்கரையில்தான் இருந்தன. காரணை பக்கம் எத்தனை கருவிகள் திரும்பின? இதையும் பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும்.

வேகமாகச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் மூன்று தரப்பையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களிலும் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் ஏமாறவில்லை. காரணம் எளிமையானது. மற்றவர்கள் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அதை விட்டு உடனே வெளியே வந்து, இந்தப் பக்கத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்கிறோம்: ஒரு ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவரிடமே கேட்காதே, நாலு வீடு தள்ளிப் போய்க் கேள்.

எதிர்ப்புகளும் பதில்களும்

"போனைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பது பெற்றோரின் முதல் எதிர்ப்பு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சாதிப் பெருமைக் காணொளிகள் பள்ளி மாணவர்களின் கைகளில் என்ன செய்கின்றன என்பதை நாம் பார்க்காமல் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் கையில் போன் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு உட்கார்ந்து கேள்வி கேட்கும் பெரியவர்தான் இல்லை. எனவே எங்கள் வட்டத்தில் ஆளுக்கொரு போன் கிடையாது. நாலு பேருக்கு ஒன்று. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் பேச்சு நடக்கும். தனியாகப் பார்த்தால் விரல் மட்டும்தான் நகரும். இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் போன் தரப்படாத பெண்பிள்ளைகளும் இதில் சமமாக வருகிறார்கள்.

"பிள்ளைகளிடம் அரசியல் எதற்கு?" என்பது பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு. பள்ளிக்குப் போகும் வழியிலேயே எந்தத் தெரு வழியாகப் போகலாம், எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அரசியலை நாம்தான் புதிதாகக் கற்றுக்கொடுக்கிறோமா? அவர்கள் ஏற்கெனவே அனுபவிப்பதற்குப் பெயரும் சட்டப் பிரிவும் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை ஆக்கிரமிப்பதும், அவர்களை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் குற்றம் என்று பிரிவு 3(1)-லேயே இருக்கிறது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தெரிந்துகொள்வதில் யாருக்கு என்ன நட்டம்?

மூன்றாவது எதிர்ப்பை நாங்களே எழுப்பிக்கொள்கிறோம், ஏனென்றால் அதுதான் மிகப் பெரியது. ஆபத்து. நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளையை ஊர் கவனிக்கும். எனவே சில விதிகளில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. புல எண்ணையும் ஆக்கிரமித்தவர் பெயரையும் மாணவர்கள் எந்தச் சமூக ஊடகத்திலும் போடக்கூடாது. தகவல் உரிமை மனுவைப் பெரியவர்கள்தான் தம் பெயரில் போட வேண்டும். நிலத்தைப் பார்க்கப் போனால் கூட்டமாக, பகலில், ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் அல்லது குழந்தையின் பெயரையோ படத்தையோ எவ்வளவு நல்ல நோக்கத்துக்கானாலும் பகிரக்கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது. அவமானப்படுத்தப்பட்டவரின் காணொளியைப் பகிரும் முன், இது என் அம்மாவாக இருந்தால் இதைப் பகிர்வேனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீதிக்கான ஆர்வம் ஒரு பிள்ளையின் முதுகில் காயமாக முடியக்கூடாது.

இது நமக்குப் புதிதல்ல

இணையம் புதிது. இந்த வேலை புதிதல்ல. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஆங்கில அரசின் ஆணை என்ன சொல்கிறது, எந்த ஊரில் யார் தடுக்கிறார்கள், யாருக்கு மனு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் நம் மக்கள் தமக்குள் பேசிக்கொள்ள இதழ்கள் தேவைப்பட்டன. மற்றவர் எழுதும் செய்தியில் நாம் இருக்கமாட்டோம், இருந்தாலும் நாமாக இருக்கமாட்டோம் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். அச்சகத்துக்கும் காகிதத்துக்கும் அலைந்த அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். நம் சட்டைப்பையில் அச்சகமும் நூலகமும் தாலுகா ஆபீஸும் சேர்ந்து கிடக்கின்றன. அதில் ரீல்ஸ் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை.

இதை வாசிக்கும் மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியமல்ல. உங்கள் சேரியில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், இரண்டு மூன்று போன், ஒரு நோட்டு. முதல் வாரம் நீங்கள் எதுவும் சொல்லித்தராதீர்கள். உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குப் புரியாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவர்களைக் கேளுங்கள். சுடுகாட்டுக்குப் பாதை ஏன் இல்லை, விடுதியில் ஏன் தண்ணீர் வருவதில்லை, அந்த நிலத்தில் ஏன் கேட்டு போட்டிருக்கிறது என்று வரும். ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் ஆவணம் கிடைக்கும்வரை விடாதீர்கள். கிடைத்ததும் நோட்டில் எழுதி, கிராம சபையிலோ அலுவலகத்திலோ மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி அதே நோட்டில் ஒட்டுங்கள்.

கிராம சபை அக்டோபர் 2 அன்று கூடுகிறது. எட்டு நாள் கழித்து அக்டோபர் 10. ஜான் தாமஸ், ஏழுமலை படங்களுக்கு மாலை போடும் அன்றைக்கு, அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.